ஏடும் அச்சும் இணையமும்
வைத்தியர் – நோயாளர் உறவின் வரலாறு குறித்துப் புளியந்தீவிலிருந்து ஒரு நோக்கு

வைத்தியம் நான்கு உறுப்புகளை உடையது என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தரும் முடிபாகும். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் ஆகிய நால்வகையும் ஒருங்கமையும்போதே வைத்தியம் வைத்தியமாகின்றது என அந்நூல் கருதுகின்றது. நோயுற்றவனே அங்கு முதலில் வைக்கப்பட்டுள்ளான் என்பது நோக்கற்பாலது. ஆயினும், நோய் பற்றிய அறிவு இந்நால்வருள் யாருடைய உடைமை என்னும் வினாவைக் குறள் எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பியது பிற்கால வரலாறேயாகும். அறிவு ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இணையத்துக்கும் இடம்பெயர்ந்தபோதெல்லாம் வைத்தியருக்கும் நோயாளருக்குமிடையேயான உறவும் இடம்பெயர்ந்து வந்துள்ளது.

இவ்விடப்பெயர்ச்சியை ஆராய்வதற்குப் புளியந்தீவு தக்கதொரு களமாகும். மட்டக்களப்பு வாவி சூழ்ந்த இத்தீவிலே ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும், பழைய கல்லூரிகளும், அரச அலுவலகங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வாவிக்கு மேற்கே வயலும் காடும் சார்ந்த படுவான்கரையும், கிழக்கே கடலோரமான எழுவான்கரையும் உள்ளன. படுவான்கரையிலிருந்து நோய்தீர்க்க வேண்டி நகருக்கு வரும் உழவர் ஒருவரின் கையில் இன்று இரண்டு பொருள்கள் காணப்படுகின்றன. ஒன்று, வைத்தியசாலை வழங்கிய கிளினிக் கொப்பி, மற்றையது கைத்தொலைபேசி. முன்னையது அவருடைய நோயின் வரலாற்றை ஆங்கிலத்தில் தாங்கியிருப்பது. அவர் பல ஆண்டுகளாகச் சுமந்து திரிந்தும் வாசித்தறியாதது. பின்னையது உலகின் வைத்திய நூல்நிலையங்களுக்கெல்லாம் வாயிலாக அமைந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இங்கு ஆராயப்படும் பொருள்.

ஏட்டுக் காலம்

மேனாட்டு வைத்தியம் வேரூன்றுவதற்கு முன்னர் மட்டக்களப்புப் பிரதேசத்திலே நோய் தீர்ப்பவர் பரிகாரியார் என வழங்கப்பட்டார். பனையோலை ஏடே அவருடைய நூல்நிலையம். ஈழத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும், தமிழகத்துச் சித்தர் பெயரால் வழங்கும் நூல்களும், குடும்பம் குடும்பமாகத் தொகுக்கப்பட்ட கைமுறைகளும் ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டன. இவ்வறிவு பொதுவுடைமையன்று. மூலிகைகளும் பாடாணங்களும் பரிபாஷை எனப்படும் மறைமொழியாற் சுட்டப்பட்டன. ஏடு ஒருவர் கையிற் கிடைத்தாலும் குருமுகமாகக் கேளாதவருக்கு அதன் பொருள் விளங்காது. மகனுக்கோ மருமகனுக்கோ தெரிந்தெடுத்த மாணாக்கனுக்கோ மட்டும் உபதேசிக்கப்பட்ட மருந்து, அவர்கள் இல்லாதவிடத்து உரியவருடனேயே மறைந்துபோவதும் உண்டு.

இதனைக் கொண்டு அக்காலத்து நோயாளி முற்றாக இருளில் இருந்தான் எனக் கொள்வது பொருந்தாது. மருந்து மறைவானதாயினும் நோய் பற்றிய கருத்துப் பொதுவானதாக இருந்தது. வாதம், பித்தம், கபம் என்றும், சூடு, குளிர்ச்சி என்றும், பத்தியம் என்றும் பரிகாரியார் பேசிய சொற்கள் நோயாளியின் வீட்டு அடுக்களையிலும் வழங்கிய சொற்களே. எந்த மீன் கரப்பான், எந்தக் கீரை குளிர்மை என்பதைக் கிழவியரும் அறிந்திருந்தனர். கைநாடி பார்த்துப் பரிகாரியார் கூறும் முடிபை நோயாளி தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவனாக இருந்தான். அம்மை போன்ற கொள்ளை நோய்களும் இவ்வாறே ஒரு பொதுக் கருத்துலகினுள் வைத்து விளங்கிக்கொள்ளப்பட்டன. வெப்பு நோய்களைக் கண்ணகி அம்மனோடு தொடர்புறுத்தி, வைகாசித் திங்களில் ஊர்தோறும் குளிர்த்திச் சடங்கு நிகழ்த்தும் மரபு மட்டக்களப்பிலே இன்றும் நின்று நிலவுகின்றது. நோயாளியும் வைத்தியரும் ஊரும் ஒரே மொழியில் நோயைப் பேசினர் என்பதே இக்காலத்தின் தனிப்பண்பாகும்.

இவ்வுறவை இலட்சிய நிலையாகப் போற்றுவதும் தவறு. மருந்து பயன்படாதபோது அதனைச் சோதித்தறியும் வழி நோயாளியிடமும் இருக்கவில்லை, பரிகாரியாரிடமும் இருக்கவில்லை. மறைவாகக் காக்கப்படும் அறிவு பிறர் திருத்தத்துக்கு இடங்கொடாது. ஏட்டில் நேர்ந்த பிழை ஏட்டிலேயே நிலைபெற்றது. கொள்ளை நோய் வந்த காலத்தில் கருத்துப் பொதுமை உயிரிழப்பைத் தடுக்கவுமில்லை.

ஆங்கில வைத்தியமும் மொழிச் சுவரும்

1795இல் மட்டக்களப்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1802இல் அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1814இல் மெதடிஸ்த மிசனரியார் புளியந்தீவுக்கு வந்து பள்ளி தொடங்கினர். 1858இல் குடியியல் மருத்துவத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி ஆரம்பமாயிற்று. இந்நிகழ்வுகளின் தொடர்ச்சியாக, பரிகாரியாரின் இடத்தில் அரசின் சம்பளம் பெறும் டாக்குத்தர் படிப்படியாக அமர்ந்தார்.

இம்மாற்றத்திலே ஒரு முரண் பொதிந்துள்ளது. மேனாட்டு வைத்தியம் கொள்கையளவில் மறைவற்றது. அதன் நூல்கள் அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. அதன் முடிபுகள் பலரால் சோதிக்கப்பட்டன. பரிபாஷை அதற்கில்லை. ஆயின் அந்நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தமையால், நாட்டு மக்களிற் பெரும்பாலாருக்கு ஆங்கிலமே புதிய பரிபாஷையாயிற்று. பரிகாரியாரின் காலத்திலே மருந்து மறைவாகவும் கருத்துப் பொதுவாகவும் இருந்தன. இப்போதோ மருந்து அரச வைத்தியசாலையில் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியது, கருத்தோ மறைந்துவிட்டது. நோயாளி தன் நோயின் பெயரையும் அறியாது போத்தல் மருந்தைப் பெற்றுச் சென்றான். கேள்வி கேட்கும் துணிவு அவனுக்கு இருந்தாலும் கேட்பதற்குச் சொல் இருக்கவில்லை. வைத்தியர் முன் நோயாளி மௌனமாக நிற்கும் வழக்கத்தின் தோற்றுவாயை இங்கேயே காணலாம்.

இந்நிலை ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே நூற்றாண்டுகளாக இலத்தீன் மொழியே வைத்தியரின் காவலரணாக விளங்கியது. 1649இல் நிக்கலசு கல்பெப்பர் என்பார் இலண்டன் வைத்தியர் கல்லூரியின் மருந்து நூலை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து வெளியிட்டபோது, அக்கல்லூரியார் கடுஞ்சினங் கொண்டனர். சாதாரண மக்கள் தம் மொழியில் மருந்தை அறிவது தொழிலின் மதிப்பைக் குலைக்கும் என்பதே அச்சினத்தின் அடிப்படை. இணையத்தை நோக்கி இன்று எழும் சில முணுமுணுப்புகளும் அந்தப் பழைய சினத்தின் வழித்தோன்றல்களே எனலாம்.

மானிப்பாயிற் செய்யப்பட்ட சோதனை

ஆங்கிலம் என்னும் சுவரை ஈழத்திலே முதன்முதலாகத் திட்டமிட்டு இடிக்க முயன்றவர் அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1822இல் மசச்சூசெற்சு மாநிலத்திற் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலிருந்து வைத்திய மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய பணிக்கு நிலைக்களமாயிற்று. முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்த கிறீன், 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். 1873இல் ஈழத்தை விட்டுச் செல்லும்வரை அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலெழுதச் சொல் வேண்டும். கிறீனும் அவருடைய மாணாக்கரும் தமிழறிஞரும் கூடி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை மொழிபெயர்த்தனர். 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. தமிழிற் சொல் கிடைப்பின் அதனைக் கொள்ளுதல், கிடையாவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கேற்ப அமைத்தல் என்னும் முறையை அவர் கைக்கொண்டார். கெமிஸ்தம் என்னும் நூற்பெயரே அம்முறைக்குச் சான்றாகின்றது. தாயகத்திலிருந்தும் இப்பணியைத் தொடர்ந்த அவர் 1884இற் காலமானார். தமிழருக்கான வைத்திய ஊழியர் என்னும் கருத்துடைய வாசகமே அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

கிறீனின் நோக்கத்தை மொழிப்பற்று என்று மட்டும் சுருக்கிவிடல் பொருந்தாது. ஆங்கிலத்திற் பயின்றவர் அரச உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் செல்வர். தமிழிற் பயின்றவரோ தம் ஊரிலேயே தங்கி ஊராருக்கு வைத்தியஞ் செய்வர் என்பது அவருடைய கணிப்பு. வைத்தியருடைய மொழியும் நோயாளியுடைய மொழியும் ஒன்றானால், பரிகாரியார் காலத்திற் காணப்பட்ட கருத்துப் பொதுமையை விஞ்ஞான அடிப்படையில் மீட்கலாம் என்பது அக்கணிப்பின் உட்பொருளாகும்.

இச்சோதனை ஏன் நீடிக்கவில்லை? நூல்களின் குறை அதற்குக் காரணமன்று. கலைச்சொற்கள் கடினமானவை என்ற குற்றச்சாட்டு முழுவதும் உண்மையன்று; ஆங்கில மாணவனுக்கு இலத்தீனச் சொற்கள் எவ்வளவு அந்நியமோ அவ்வளவே தமிழ் மாணவனுக்கு அவை அந்நியமாயிருந்தன. உண்மைக் காரணம் சமூக அதிகாரத்தில் இருந்தது. அரச சேவையின் வாயில் ஆங்கிலத்துக்கே திறந்திருந்தது. தமிழில் வைத்தியம் கற்றவனுக்கு அறிவு உண்டு, பதவி இல்லை. மாணவரும் பெற்றோரும் ஆங்கிலக் கல்வியையே விரும்பினர் என்பதிற் வியப்பில்லை. அறிவை மக்கள் மொழியில் அச்சிட்டுவிடுதல் மட்டும் போதாது. அம்மொழியில் அறிந்தவருக்குச் சமூகம் மதிப்பும் இடமும் அளித்தாலன்றி அவ்வறிவு வாழாது என்பதே மானிப்பாய் கற்பித்த பாடமாகும்.

வாசகர் உருவாகிய வரலாறு

கிறீன் விட்டுச்சென்ற பணியின் ஒரு கூறு பின்னர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் வழியாகத் தொடர்ந்தது. காரைதீவிலே 1892இற் பிறந்து, புளியந்தீவின் புனித மைக்கேல் கல்லூரியிற் பயின்ற மயில்வாகனனார், பின்னாளிற் சுவாமி விபுலானந்தர் எனப் புகழ்பெற்றார். விஞ்ஞானப் பயிற்சி பெற்ற அவர் துறவு பூணுமுன்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். கிறீன் உழைத்த ஊரிலே அவரும் உழைத்தமை தற்செயலாயினும், இருவரையும் பற்றிய வினா ஒன்றே: விஞ்ஞானத்தைத் தமிழன் தன் மொழியில் அறிவது எவ்வாறு? 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பேறாகிய கலைச்சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1950கள் தொடக்கம் பாடசாலைகளிலே விஞ்ஞான பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயின. குருதிச் சுற்றோட்டம், சமிபாடு, சிறுநீரகம் ஆகியன பற்றி ஒரு படுவான்கரைச் சிறுமி தமிழிலேயே படிக்கும் நிலை ஏற்பட்டது. கிறீன் சுகரணம் என்றதை அவள் உடற்றொழிலியல் என்று கற்றாள். மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திலேயே இயங்கின. 1978இல் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவக் கல்வி தொடங்கியபோதும் இந்நிலை மாறவில்லை. எனினும் வைத்தியர் தமிழில் உருவாகாவிட்டாலும், வைத்தியத்தை விளங்கக்கூடிய வாசகர் தமிழில் உருவாகிவிட்டனர். இணையத்தைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக மறந்துவிடும் செய்தி இது. கருவி வருமுன்னரே அதனைப் பயன்படுத்தும் வாசகர் வந்துவிட்டனர்.

நோயாளரின் கையில் அறிவை ஒப்படைத்து நற்பயன் கண்ட முன்மாதிரியும் இந்நாட்டிலேயே உண்டு. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை நாடெங்கும் பரவியபோது, குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகச் சென்று தாய்மாரோடு உரையாடத் தொடங்கினார். பிள்ளையின் வளர்ச்சியையும் தடுப்பூசிகளையும் பதியும் ஏடு தாயின் மொழியில் அச்சிடப்பட்டுத் தாயின் கையிலேயே கொடுக்கப்பட்டது. எடை வளைகோடு ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதை அத்தாயே பார்த்தறிவாள். ஐயம் தோன்றின் கேட்பதற்குத் தெரிந்த ஒருவர் ஊரிலே இருப்பார். 1946இல் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்தைந்நூறு அளவில் இருந்த தாய்மார் இறப்பு 2010களில் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பு, வைத்தியசாலைப் பிரசவம், பெண்கல்வி என இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள், எழுத்தும் அதனை விளக்கும் மனிதரும் ஒருசேர வீட்டு வாயிலை அடைந்தமையும் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

தாயின் கையிலுள்ள அவ்வேட்டையும், முதியவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியையும் அருகருகே வைத்து நோக்கின் வேறுபாடு புலப்படும். இரண்டும் நோயாளரிடமே உள்ளன. ஒன்று அவர் வாசிப்பதற்காக எழுதப்பட்டது. மற்றையது அவரூடாக ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்கு எழுதிய கடிதம்.

இணையத்தின் வருகை

1995இல் இலங்கையிலே வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியது. 1997இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் தன் ஆய்வுச் சுருக்கத் தொகுதியை உலகத்தார் எவரும் கட்டணமின்றிப் பார்க்குமாறு இணையத்தில் திறந்துவிட்டது. வைத்தியரும் நோயாளரும் ஒரே நூல்நிலையத்தின் ஒரே வாயிலால் நுழையும் நிலை வரலாற்றில் அன்றே முதன்முறையாக ஏற்பட்டது.

மட்டக்களப்புக்கு இந்நிலை உடனே வந்துவிடவில்லை. போர்க்காலத்திலே மின்சாரமும் தொலைபேசியும் தடைப்பட்டன. வைத்தியர் பலர் புலம்பெயர்ந்தனர். வாவியைக் கடந்து வைத்தியசாலையை அடைவதே பலருக்குப் பெருஞ்செயலாயிற்று. போர் ஓய்ந்தபின், 2010களிலே, கைத்தொலைபேசியூடாகவே இணையம் படுவான்கரையை அடைந்தது. 1924இல் அமைந்த கல்லடிப் பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய அதே ஆண்டுகளிலேயே கண்ணுக்குப் புலப்படாத இம்மற்றைய பாலமும் அமைந்தது.

இதனால் விளைந்த மாற்றங்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, நோயாளர் மௌனம் கலைந்தமை. இரத்தப் பரிசோதனை அறிக்கையிலுள்ள எண்ணுக்குப் பொருள் என்ன, தரப்பட்ட குளிசையின் பக்கவிளைவு யாது, சத்திரசிகிச்சையன்றி வேறு வழியுண்டா என்ற வினாக்கள் இன்று வைத்தியரின் மேசைக்கு வருகின்றன. நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற நீண்டகால நோய்களில் இது பெரிதும் வேண்டப்படுவது. இந்நோய்களிலே வைத்தியர் நோயாளரைப் பார்ப்பது மாதத்திற் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நோயாளரே தமக்கு வைத்தியர். தன் நோயை விளங்கிக்கொண்டவர் மருந்தை இடைநிறுத்தமாட்டார்.

இரண்டாவது, நாலாவது உறுப்பின் எழுச்சி. குறள் உடனிருந்து பேணுபவன் எனச் சுட்டியவர் இன்று உடனிருப்பவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் மகள், தாயின் கிளினிக் கொப்பியின் பக்கத்தைக் கைத்தொலைபேசிப் படமாகப் பெற்று, அங்குள்ள வைத்தியரிடம் காட்டி, மறுமொழியை அன்றிரவே அனுப்புகின்றாள். தாய் வாசித்தறியாத கொப்பி இவ்வாறு பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வாசிக்கப்படுகின்றது. இது பெரும் பேறு. ஆயினும் இத்தகைய மகள் இல்லாத தாயின் நிலை பழையபடியே உள்ளது. தூரத்திலிருந்து வரும் அறிவுரை, நோயாளரைத் தொட்டுப் பார்த்த வைத்தியரின் முடிபோடு முரண்படும்போது, இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்பவரும் அத்தாயே.

மூன்றாவது, வைத்தியரின் நிலைமாற்றம். அறிவின் ஏகபோக உரிமையாளர் என்ற நிலையிலிருந்து அறிவைத் தேர்ந்து தருபவர் என்ற நிலைக்கு அவர் வரவேண்டியுள்ளது. நோயின் பெயரை எவரும் தேடிக் கண்டுகொள்ளலாம். நூறு காரணங்களால் வரக்கூடிய தலையிடி இந்நோயாளருக்கு எக்காரணத்தால் வந்தது என்பதைக் கண்டுகொள்வது பயிற்சியும் அனுபவமும் சார்ந்த செயல். தலையிடி என்று தேடியவருக்கு மூளைக்கட்டி என்ற விடை முதலிற் தோன்றுமாயின், அவ்வச்சத்தைப் போக்குவதும் வைத்தியரின் கடமையாகிவிடுகின்றது. நெரிசல் மிக்க கிளினிக்கிலே அதற்கு வேண்டிய நேரம் அவரிடம் இல்லை. வினாவெழுப்பும் நோயாளரை மரியாதை குறைந்தவர் எனக் கருதும் பழைய மனப்பாங்கும், வைத்தியர் எதையோ மறைக்கின்றார் என ஐயுறும் புதிய மனப்பாங்கும் மோதிக்கொள்ளும் இடம் அதுவே.

ஒரு கொள்ளை நோய், இரண்டு பாடங்கள்

2020இற் பரவிய கொரோனாத் தொற்று இம்மாற்றங்களின் நன்மை தீமை இரண்டையும் ஒருங்கே வெளிப்படுத்தியது. பொய்யும் மெய்யும் கலந்த செய்திப் பெருக்கு நோயோடு சேர்ந்து பரவுகின்றது என உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்தது. 2020 டிசெம்பரிலே, தெய்வம் அறிவித்த மருந்து எனக் கூறப்பட்ட பாணி ஒன்றைப் பெறுவதற்காக, நோய் பரவிய வேளையிலேயே ஆயிரக்கணக்கானோர் கேகாலைப் பகுதியில் ஒன்றுகூடினர். தொலைக்காட்சியும் முகநூலும் அச்செய்தியை நாடெங்கும் கொண்டுசென்றன. அப்போதைய சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாக அருந்தினார்; அடுத்த மாதம் அவரும் தொற்றுக்குள்ளானார். சோதனைக்கு உட்படாத அறிவு ஏட்டில் இருந்தபோது அதன் தீங்கு ஓர் ஊரோடு நின்றது. இணையத்திலே அதற்கு எல்லையில்லை.

இதனைக் காட்டி, மக்கள் கையில் மருத்துவத் தகவல் செல்வதே தவறு என வாதிப்பாரும் உளர். அவ்வாதத்துக்கு விடை மட்டக்களப்பு மாவட்டத்திலேயே உள்ளது. தொற்றால் இறந்தோரைப் புதைக்கவும் எரிக்கவும் இயலும் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. அவ்வழிகாட்டல் இணையத்தில் எவரும் வாசிக்கக் கிடந்தது. எனினும் அடுத்த மாதம் இலங்கை அரசு எரித்தலைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்று அதற்கு நிபுணர் பெயரால் காரணம் கூறப்பட்டது. முஸ்லிம் மக்களும் அவர்களோடு பிறரும் அவ்வழிகாட்டலையே சான்றாகக் காட்டி மாதக்கணக்கில் வாதாடினர். 2021 பெப்ரவரியில் அக்கட்டளை தளர்த்தப்பட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024இல் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. இங்கே சரியான அறிவு மக்கள் பக்கத்திலும், தவறான முடிபு அதிகாரத்தின் பக்கத்திலும் இருந்தன. சான்றைத் தாமே வாசித்தறியும் வாய்ப்பு மக்களுக்கு இல்லாதிருந்திருப்பின், நிபுணர் கூற்று என்ற ஒரு சொல்லோடு வாதம் முடிந்திருக்கும்.

கேகாலை அறிவைச் சோதிக்கும் முறையை மக்கள் பெறவேண்டியதன் இன்றியமையாமையைக் காட்டுகின்றது. ஓட்டமாவடி அறிவை மக்களிடமிருந்து மறைத்தலின் கொடுமையைக் காட்டுகின்றது. இரண்டையும் சேர்த்து நோக்காதவர் முடிபு ஒருதலைப்பட்சமானதாகவே அமையும்.

முடிவுரை

ஏட்டுக் காலத்திலே அறிவு குடும்பத்தின் மறைபொருளாயிருந்தது. அச்சுக் காலத்திலே அது ஆங்கிலத்தின் மறைபொருளாயிற்று. இணையக் காலத்திலே மறைவு நீங்கிவிட்டது போலத் தோன்றினும், நுணுகி நோக்கின் பழைய சுவர் முற்றாக இடிந்துவிடவில்லை என்பது தெளிவாகும். ஆங்கிலம் அறிந்த நோயாளருக்கு இணையம் ஆய்வுகளையும் வழிகாட்டல்களையும் தருகின்றது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிவரும், எழுதியவர் பெயரற்ற செய்திகளையே அது பெரும்பாலும் தருகின்றது. ஒரே கருவி ஒருவருக்கு நூல்நிலையமாகவும் மற்றவருக்கு வதந்தியாகவும் அமைகின்றது. மானிப்பாயிலே கிறீன் எதிர்நோக்கிய பிரச்சினையே இது; கருவி மட்டுமே மாறியுள்ளது.

ஆதலின் இணையம் வைத்தியர் – நோயாளர் உறவைக் கெடுக்கின்றதா, வளர்க்கின்றதா என்ற வினா பொருத்தமற்றது. எந்த மொழியில், யாருடைய பொறுப்பில், எவருடைய விளக்கத்தோடு அறிவு நோயாளரை அடைகின்றது என்பதே வினா. தாயின் கையிலுள்ள பிள்ளையின் ஏடு அதற்கு ஒரு விடையை முன்னரே தந்துள்ளது. நம்பத்தக்க மருத்துவத் தகவலைத் தமிழில் எழுதுதல், எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்றல், நோயாளரின் கொப்பியிலே நோயின் பெயரும் மருந்தின் பயனும் அவர் வாசிக்கும் மொழியில் ஒரு வரியேனும் இடம்பெறல், வினாக்களுக்கு விடைகூறும் பயிற்சியை மருத்துவ மாணவருக்கு அளித்தல் ஆகியன ஆகாத காரியங்கள் அல்ல. மருத்துவ பீடமும் மொழித்துறையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இயங்கும் மட்டக்களப்பிலே இவற்றைத் தொடங்க இயலாதெனின், வேறெங்கும் இயலாது. தமிழிற் பணியாற்றுவோருக்குப் பதவியும் மதிப்பும் அளிக்கப்படாதவிடத்து அம்முயற்சியும் மானிப்பாய் நூல்களைப் போல் நூலகத்துக்குள் அடங்கிவிடும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

படுவான்கரையிலிருந்து வரும் உழவரின் கையில் இப்போதும் அவ்விரு பொருள்களும் உள்ளன. கைத்தொலைபேசியில் அவர் எதனையும் தேடலாம். தம் கொப்பியை மட்டும் வாசிக்க இயலாது. அக்கொப்பியை அவர் வாசிக்கும் நாளிலேயே, குறள் முதலில் வைத்த நோயுற்றவர் வைத்தியத்திலும் முதலில் வைக்கப்பட்டவராவார்.